சொந்தக் குரலில்

சண்முகக்கனி மூன்றாவது முறையாகவும் "நல்லாயிருக்கேன் டாக்டரம்மா" என்றாள். எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

ஒரு நர்ஸ் இப்படிச் சொல்லக்கூடாதுதான். இருபத்தோரு வருஷமாக ஊசி போட்ட கை இது, யாரையும் அடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு என் ஸ்டூலில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் கை பரபரத்திருக்கும். அவள் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. செருப்பைக் கழற்றிய பிறகும் வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்ததற்கே மூச்சு இரைத்தது. அந்த மூச்சை அடக்கிக்கொண்டு, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி சிரித்தபடி நல்லாயிருக்கேன் என்கிறாள்.

திரையில் டாக்டர் உமையாள் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். கோயம்புத்தூரில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து எங்கள் ஊர் மாதிரிப் பன்னிரண்டு ஊர்களைப் பார்ப்பவர். கேள்வியை மூன்று தடவைதான் கேட்கலாம். கேட்டாயிற்று.

மேசை மேலிருந்த சாம்பல் நிறப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பெயர் மெய்யறி. யார் பெயர் வைத்தார்களோ, நன்றாக இருக்கட்டும். செய்தி வாசிக்கும் பெண் குரலில் அது பேசியது.

"பயனாளி தாம் நலமாக இருப்பதாகச் சொந்தக் குரலில் உறுதி செய்துள்ளார். இந்த ஆலோசனை தேவையற்றது எனக் கருதப்படுகிறது. காப்பீட்டுக் கட்டணம் வழங்கப்படாது. பரிசோதனைகளும் மருந்துகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இது இப்பயனாளியின் இரண்டாவது தேவையற்ற ஆலோசனை. நலமுடன் வாழ்க."

சண்முகக்கனி பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். "நீயும் நல்லாயிரு தாயி" என்றாள்.

எங்கள் ஊர் உப்பாத்துவிளை. தூத்துக்குடிக்குத் தெற்கே, மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் கடலுமாகக் கிடக்கிற ஊர். இந்த 2043-லும் எங்கள் ஊருக்கு டாக்டராக வந்து உட்கார ஆள் கிடைக்கவில்லை. அதனால் திரையில் வருகிறார்கள். நோயாளி ஆறு நிமிஷம் டாக்டரிடம் பேசுவார், மெய்யறி கேட்டுக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு விழுந்தால் அரசுக் காப்பீடு பணம் கொடுக்கும், தூத்துக்குடிக் கிடங்கிலிருந்து மருந்து கட்டிக்கொண்டு சின்ன டிரோன் ஒன்று பறந்து வந்து எங்கள் வாசலில் இறங்கும். அதைத் தட்டான் என்போம். சிவப்பு விழுந்தால் தட்டான் வராது.

சண்முகக்கனி போன பிறகு டாக்டர் என்னைச் சாதாரண போனில் கூப்பிட்டார். அதை மெய்யறி கேட்காது.

"ஜெசிந்தா, அவங்க காலை நான் இங்கிருந்தே பார்த்தேன். கிட்னிதான். சந்தேகமே இல்லை. உப்பளத்துல வேலை, தண்ணி குடிக்கறதில்லை, வலி வந்தா கடை மாத்திரை. அப்படித்தானே?"

"அப்படித்தான் டாக்டர். அங்கன பொம்பளையாளு ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்க மாட்டாவ."

"ரத்தம் எடுத்தாகணும். இப்பப் பிடிச்சா மாத்திரையிலேயே நிறுத்திடலாம். ஆறு மாசம் விட்டா வாரத்துக்கு ரெண்டு நாள் மெஷின்ல படுக்க வேண்டியதுதான். அதுக்கப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லை."

"நானே எடுத்துத் தாரேன்."

"எடுத்து எங்கே அனுப்புவே? பச்சை விழாம ஒரு டியூப் நகராது."

"கால் வீங்கியிருக்குன்னு நீங்க சொல்லுங்க. நீங்கதான டாக்டர்?"

அவர் சிரித்தார். சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை. "என் வாய்க்கு மதிப்பில்லை ஜெசிந்தா. காப்பீட்டுப் பணம் எனக்கு வருது. அதனால நான் நோய் இருக்குன்னு சொன்னா ஆதாயத்துக்குச் சொல்றதா அர்த்தம். உன் சென்டருக்கும் பங்கு வருது, அதனால உன் வாயும் செல்லாது. இதுல ஆதாயமே இல்லாத ஆள் நோயாளி ஒருத்தர்தான். அவங்க சொல்றது மட்டும்தான் சாட்சி. சொந்தக் குரல் விதின்னு இதுக்குப் பேரு."

"கேமராவுல கால் தெரியுதுல்லா?"

"படத்தை மாத்தி ஏமாத்தியிருக்காங்க. வீங்கின காலை வாடகைக்குக் கூட்டிட்டு வந்து காட்டினவனும் இருக்கான். ஒரு கம்பெனி ஒரே நாள்ல நாலாயிரம் பேரைத் திரையில பார்த்ததா எழுதிக் கொடுத்துது. அதுல முந்நூறு பேர் ஏற்கெனவே செத்துப்போனவங்க. அதுக்கப்புறம்தான் இந்த விதியே வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா நியாயமான விதிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்."

"டாக்டர், 'எப்படி இருக்கிறீர்கள்'னு கேக்காதீய. 'என்ன செய்யுது'ன்னு கேளுங்க. எங்க ஆளுக அதுக்குப் பதில் சொல்லும்."

"கேட்கக் கூடாது. என்ன செய்யுதுன்னு கேட்டா, ஏதோ செய்யுதுன்னு நாமளே எடுத்துக் கொடுக்கிற மாதிரியாம். கால் வீங்குதான்னு கேட்டா இன்னும் மோசம். நடுநிலையான கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். எப்படி இருக்கிறீர்கள்."

இன்னொரு சிவப்பு விழுந்தால் சண்முகக்கனியின் காப்பீட்டு அட்டை ஒரு வருஷத்துக்கு ஓய்வில் போய்விடும். தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரியின் கிட்னிப் பிரிவில் பச்சைச் சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். அவசரப் பிரிவுக்குச் சீட்டு வேண்டாம். ஆனால் அங்கே மயங்கி விழுந்தவர்களைத்தான் எடுப்பார்கள். விழும் வரை காத்திருங்கள் என்று யாரும் சொல்வதில்லை, விதியை வரிசையாகப் படித்தால் அதுதான் மிஞ்சும்.

மறுநாள் மதியம் அளத்துக்கே போனேன். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. சண்முகக்கனி தகரக் கொட்டகையில் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாவது படிக்கும்போது எட்டாவதில் கபடி ஆடியவள். கபடியில் அவள் ஒருத்தி காலைப் பிடித்தால் விடுவிக்க நாலு பேர் வேண்டும்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னிய?" என்றேன். உட்காரக்கூட இல்லை.

"எப்படி?"

"நல்லாயிருக்கேன்னு."

"பின்ன என்ன சிஸ்டர் சொல்லச் சொல்லுதிய? அவ்வளவு படிச்சவுக. முன்னப்பின்ன தெரியாதவுக. மொகத்தப் பாத்து எப்படி இருக்கியன்னு மரியாதையாக் கேக்காவ. எடுத்த எடுப்புலயே நாசமாப் போயிட்டு இருக்கேன்னா சொல்ல முடியும்?"

"ஒரு தடவையா கேட்டாவ? மூணு தடவை கேட்டாவள்லா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தான் சிஸ்டர் வீட்டுலயும் சொல்லிட்டு இருந்தேன். மூணு தடவ! எம் மாமியா ஒரு தடவ கேட்டதில்ல. அவ்வளவு அக்கறையாக் கேக்கவுகள வருத்தப்பட வைக்க மனசு வரல."

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இதை அவள் ஒருத்தியின் மேல் போட முடியாது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிய ஒருவர், எப்படி இருக்கிய என்று கேட்டதற்கு, நல்லாயிருக்கேன், நீங்க சாப்பிட்டியளா என்று என்னைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று சின்ன வயதிலேயே நாக்கில் உட்கார்ந்துவிட்டது. அது உடம்பைப் பற்றிய பதிலே கிடையாது. வந்தவரை உள்ளே கூப்பிடுகிற பதில். நோயைப் பிறகுதான் சொல்வார்கள். தண்ணீர் குடித்து, பிள்ளைகளை விசாரித்து, போயிட்டு வாரேன் என்று எழுந்து, செருப்பை மாட்டும்போது திரும்பி, "ஒண்ணுமில்ல சிஸ்டர், படுத்தாக் கொஞ்சம் மூச்சு முட்டும்" என்பார்கள். எங்கள் ஊரில் நோய் வாசற்படியில்தான் வாயைத் திறக்கும். இதைத் தெரிந்துகொள்ள இங்கே நாலு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு நிமிஷத்தில் காதை மூடிக்கொள்கிற பெட்டிக்கு எப்படித் தெரியும்?

அதனால் நானே வாத்தியார் வேலையில் இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், அளத்துக் கொட்டகையில், பதினோரு பெண்கள். எல்லாருக்கும் ஒரு சிவப்பாவது விழுந்திருந்தது. நான் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து டாக்டர் ஆனேன்.

"எப்படி இருக்கிறீர்கள்?"

"நல்லாயிருக்கோம்!" என்றார்கள் பதினோரு பேரும் சேர்ந்து. பிறகு அவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏளா, சிரிக்காதிய. உசுர் போற காரியம். பேச்சித்தாய், நீ சொல்லு. எப்படி இருக்கிறீர்கள்?"

பேச்சித்தாய் எழுந்து நின்றாள். யோசித்தாள். வியர்த்தாள். "உங்க புண்ணியத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"என் புண்ணியத்தக் கொண்டு கடல்ல போடு! உனக்கு உடம்புக்கு என்ன?"

"அதுக்கென்ன சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு."

ஒரு மணி நேரம் இதே கூத்து. கடைசியில் பொறுமை போய், ஒரு வாக்கியத்தை நானே செய்து கொடுத்தேன். எனக்கு உடம்புக்கு முடியல டாக்டர், கால் வீங்குது, மூச்சு வாங்குது, ஒண்ணுக்குச் சரியாப் போகல. வாய்ப்பாடு மாதிரிச் சொல்லச் சொன்னேன். நான் விட்டுவிட்டுச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நாலு செவ்வாய்க்கிழமை. சண்முகக்கனிக்கு மட்டும் தினமும் தனியாக. உப்பு வாரும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கங்காணி கேலி செய்தானாம்.

அவள் முறை வந்த அன்றைக்கு என் ஸ்டூலை அவள் பக்கம் ஒட்டிப் போட்டுக்கொண்டேன். டாக்டர் உமையாள் கேட்டார்: "எப்படி இருக்கிறீர்கள்?"

சண்முகக்கனி என்னைப் பார்த்தாள். வாய் "நல்..." என்று போனது. நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். வீங்கின கால். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

"எனக்கு உடம்புக்கு முடியல டாக்டர்," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "கால் வீங்குது. மூச்சு வாங்குது. ஒண்ணுக்குச் சரியாப் போகல." பிறகு கண்ணைத் திறந்து, "மன்னிச்சிக்கிடுங்க டாக்டரம்மா" என்று சேர்த்துக்கொண்டாள்.

பச்சை.

நான் அவளைக் கட்டிப் பிடித்தேன். திரையில் டாக்டர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கே ரத்தம் எடுத்தேன், தட்டான் வந்து வாங்கிப் போனது. முடிவு மோசம்தான், ஆனால் கை மீறிப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு ஜெசிந்தா, பிடிச்சிடலாம் என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக் கிட்னிப் பிரிவில் பத்தொன்பதாம் தேதி வரச் சொல்லிப் பச்சைச் சீட்டு வந்தது. சண்முகக்கனி அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்கவும் ஆரம்பித்தாள். அளத்தில் நாலு பழைய சேலையைக் கம்பில் கட்டி, பெண்கள் தாங்களே ஒரு மறைவு செய்துகொண்டார்கள்.

மற்ற பெண்களுக்கும் வரிசையாகப் பச்சை. அந்த வாரம் தட்டான் எங்கள் வாசலிலேயே குடியிருந்தது. நான் பெருமையில் மிதந்தேன். சறுக்கினதும் அங்கேதான்.

பேச்சித்தாய்க்குக் காதில் சீழ். காது வலி என்றுதான் வந்தாள். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்றதும், கற்றுக்கொடுத்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்கு உடம்புக்கு முடியல டாக்டர், கால் வீங்குது, மூச்சு வாங்குது, ஒண்ணுக்குச் சரியாப் போகல என்று, நான் நிறுத்திய இடத்திலெல்லாம் நிறுத்தி ஒப்பித்தாள். பிறகு என்னைப் பார்த்து, சரியாச் சொன்னேனா என்று கண்ணால் கேட்டாள். காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விளக்கு பச்சையும் ஆகவில்லை, சிவப்பும் ஆகவில்லை. மஞ்சள். பெட்டி வந்த இரண்டு வருஷத்தில் நான் அந்த நிறத்தைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை செய்தி வந்தது. இந்த மையத்தின் பதினோரு பயனாளிகள் ஒரே சொற்களை, ஒரே வரிசையில், ஒரே இடத்தில் மூச்சு நிறுத்திக் கூறியுள்ளனர். இவை அவர்களது சொந்தக் கூற்று அல்ல என ஐயுறப்படுகிறது. விசாரணை முடியும்வரை எல்லா ஒப்புதல்களும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. சண்முகக்கனியின் பத்தொன்பதாம் தேதியும் அதோடு நின்றுபோனது.

டாக்டர் போனில் கூப்பிட்டார். "ஏன் எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்தே?" என்றார்.

"எனக்கு வேற தெரியல டாக்டர்."

"நீ செஞ்சது எனக்குப் புரியுது. ஆனா அதுக்குப் புரியாது. அந்தக் கம்பெனிக்காரனும் இப்படித்தான் ஆளைக் கூட்டிட்டு வந்து சொல்லிக் கொடுத்தான். அவனையும் உன்னையும் அதுக்குப் பிரிக்கத் தெரியலை."

"அவிய கால் வீங்குனது பொய்யா டாக்டர்? ரத்தத்துல வந்தது பொய்யா?"

"பொய்யில்லை. பொய்யான வழியில வந்த உண்மை. அதுக்கு விதியில இடமில்லை. மேல்முறையீடு ஒண்ணு இருக்கு. அதுல மனுஷர் உட்காருவார். பேசிப் பாரு. தோத்தா மையத்தை ஒரு வருஷம் மூடிடுவாங்க, அங்கே பதிஞ்ச அட்டையெல்லாம் ஓய்வில போயிடும். பார்த்துப் பேசு."

பதினேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு விசாரணை என்று போட்டார்கள். பத்தொன்பதுக்கு இரண்டு நாள் முந்தி. நான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். பதினான்கு பக்கம். எங்கள் ஆட்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள், வாசற்படியில் என்ன சொல்கிறார்கள், அளத்தில் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை, யார் யாருக்கு என்ன நோய், நான் ஏன் சொல்லிக் கொடுத்தேன், என் தப்பு எது, தப்பில்லாதது எது. அடித்து அடித்து எழுதினேன். கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பார்த்தேன். இருபத்தோரு வருஷத்து ஆத்திரம் எல்லாம் அதில் இருந்தது.

சண்முகக்கனி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மையத்து வாசல் பெஞ்சில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். துண்டு, மாற்றுச் சேலை, தண்ணீர் பாட்டில். பத்தொன்பதுக்கு இப்போதே தயார்.

"ஜெயிச்சிட்டு வாங்க சிஸ்டர்," என்றாள்.

கஞ்சி போட்ட யூனிஃபார்மில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையில் வந்தவர் பெயர் திருமலைக்குமார், சென்னையில் காப்பீட்டு அலுவலகத்தில் குறைதீர்க்கும் அதிகாரி. கடுகடு முகமாக ஒருவர் வருவார் என்று நினைத்திருந்தேன். நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி, இருமலுக்கு எதையோ வாயில் அடக்கிக்கொண்டு, எங்கள் பெரியப்பா மாதிரி இருந்தார். எழுந்து நின்றே வணக்கம் சொன்னார். ஒரு அதிகாரி எனக்கு எழுந்து வணக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை. பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

"வாங்க சிஸ்டர். உப்பாத்துவிளைதானே? எனக்கும் ஆத்தூர்ப் பக்கந்தான். எப்படி இருக்கீங்க? சென்டரெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லாயிருக்கேன் சார். நல்லாப் போகுது சார், ஒண்ணும் குறையில்ல. நீங்க நல்லாயிருக்கியளா?"

"இருக்கேம்மா. சொல்லுங்க."

நான் பக்கங்களை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். சண்முகக்கனியின் கால் பற்றி வாசித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று தடவை கேட்டதில் அவள் சந்தோஷப்பட்டதை வாசித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்து, உடனே போய்விட்டது. நடுவில் ஒரு தடவை கூட என்னை நிறுத்தவில்லை. முடித்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

"எங்கம்மாவும் இப்படித்தான் சிஸ்டர்," என்றார். "போன்ல கேட்டா நல்லாயிருக்கேன்பாங்க. ஊருக்குப் போய்ப் பாத்தா எலும்பா இருப்பாங்க. நீங்க சொல்றது அத்தனையும் எனக்குத் தெரியும். நான் இதை ஏத்துக்கலாம்னுதான் நினைக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். பெட்டி முந்திக்கொண்டது.

"முறையீட்டாளர் முன்கூட்டி எழுதிய உரையை வாசித்துள்ளார். அவ்வுரை சொந்தக் கூற்றாகக் கொள்ளப்படாது. முறையீட்டாளர் இயல்பாகக் கூறியவை மட்டும் பதிவு செய்யப்படுகின்றன. கேள்வி: எப்படி இருக்கிறீர்கள், மையம் எப்படிச் செயல்படுகிறது. விடை: நலம், நன்றாகச் செயல்படுகிறது, குறை எதுவும் இல்லை. முறையீட்டாளருக்குக் குறை இல்லாததால் முறையீடு முடித்து வைக்கப்படுகிறது. மையம் ஓராண்டுக்கு ஓய்வில் வைக்கப்படுகிறது. நலமுடன் வாழ்க."

நான் திரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க ஏத்துக்கிட்டதாச் சொன்னியள்லா?"

அவர் முன்னால் இருந்த எதையோ இரண்டு தடவை அழுத்தினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "நான் பரிந்துரைதான் செய்யலாம் சிஸ்டர். குறை இருந்தாத்தான் பரிந்துரையே திறக்கும். அது மூடிக்கிச்சு." மெதுவாக, "நான் சும்மா கேட்டேன்மா" என்றார்.

"நானும் சும்மாத்தான் சார் சொன்னேன்."

திரை அணைந்தது. பெட்டியில் இருந்த சின்ன விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. இரண்டு வருஷமாக இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த அதன் சத்தம் நின்றபோது, அப்படி ஒரு சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

பதினான்கு பக்கத்தையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஊரில் இருக்கிற எல்லாரையும் திட்டி வாத்தியார் வேலை பார்த்தவள் நான். ஒரே ஒரு கேள்விக்கு, நாலு செவ்வாய்க்கிழமை நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்ட அந்தப் பதிலை, நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொன்னது கூட எனக்கு ஞாபகம் இல்லை.

சண்முகக்கனி எழுந்து வந்தாள். "என்ன சொன்னாவ?" என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். "என்ன சிஸ்டர்? நீங்க நல்லாத்தான இருக்கிய?"

"இல்லக்கா," என்றேன். "நல்லாயில்ல."

அதற்கு மேல் முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். சண்முகக்கனி என் பக்கத்தில் மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே அளத்தில் உப்புக் குவியல்கள் வெயிலில் கிடந்தன.

"எனக்கும் நல்லாயில்ல சிஸ்டர்," என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"படுக்க முடியல. படுத்தா தண்ணிக்குள்ள முங்குனாப்புல இருக்கு. சொவத்துல சாஞ்சு உக்காந்தே ஒறங்குதேன். ஒண்ணுக்கு நொரை நொரையாப் போவுது, அதுவும் சொட்டுதான். வாயெல்லாம் ஆணியச் சப்புன மாதிரி இருக்கு. மீன் வாடை வந்தாலே கொமட்டுது. ஒடம்பு பூரா அரிக்கி, சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது, அதான் முழுக்கைச் சட்ட போட்டுட்டு வாரேன். முந்தாநேத்து வரப்புல நடக்கும்போது கண்ண இருட்டி விழுந்துட்டேன். யாரும் பாக்கல. எந்திரிச்சுட்டேன்." அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். "பயமா இருக்கு சிஸ்டர். ரொம்பப் பயமா இருக்கு."

நான் கற்றுக்கொடுத்த வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே பெட்டி செத்துக் கிடந்தது.

"இத இப்படியே அந்தம்மாட்ட சொல்லிருதேன்," என்றாள். சொன்னதில் அவளுக்கே ஒரு தெம்பு வந்திருந்தது. "அடுத்த தடவ கேக்கட்டும், பட்டுனு சொல்லிருதேன். நீங்க கால மிதிக்காண்டாம். அடுத்த தடவ எப்ப சிஸ்டர்?"

மேலே ஒரு தட்டான் போனது. எங்கள் வாசலைத் தாண்டி, தெற்கே, வேறு ஏதோ ஊருக்கு.

"ஒரு வருஷம் கழிச்சுக்கா."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். கீழே இருந்த பையை எடுத்து மடியில் வைத்து, அதன் வாயை நிதானமாக முடிச்சுப் போட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அதுக்குப் போயி அழுவாகளா? ஒரு வருஷந்தான சிஸ்டர், பரவாயில்ல," என்றாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்."